பதினோராவது கட்டம்

அடுத்த தெருக் கம்பெனியில் வைரஸ் புகுந்து எல்லாக் கணினியையும் பூட்டிவிட்டுப் போனதில், இந்தப் பரிசோதனைக் கூடத்து டைரக்டருக்குத் தூக்கம் போய்விட்டது. அங்கே பேக்கப் இல்லாமல் இல்லை. இருந்தது. அதுவும் அதே நெட்வொர்க்கில் தொங்கிக்கொண்டிருந்ததால் அதையும் சேர்த்தே விழுங்கிவிட்டது. பக்கத்து வீட்டில் புகை வந்தால்தான் நம் வீட்டு வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கத் தோன்றும். மனுஷ புத்தி அவ்வளவுதான்.

"சிஸ்டம் அக்கா, கம்பி எதுலயும் மாட்டாத பேக்கப் ஒண்ணு வேணும்" என்றார் டைரக்டர். அவர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் கூடத்தில் எல்லாருக்கும் அவள் அக்காதான். "எழுதணும், வெளிய எடுக்கணும், அலமாரியில வச்சுப் பூட்டணும். அந்தப் பழைய டேப் டிரைவ் ஸ்டோர்ல கிடக்குதுல்ல?"

"கிடக்குது சார். எட்டு வருஷமா கிடக்குது."

"அப்புறம் என்ன, தூசி தட்டி மாட்டிடுங்க. டேப்புகூட ஒண்ணு இருக்கு. காலியாத்தானே கிடக்கு, அதுலயே ஆரம்பிங்க."

தூசி தட்டி மாட்டுவது, சொல்கிறவருக்கு ஒரு மூச்சு. செய்கிறவளுக்கு மூன்று நாள். அவளுக்கு ஐம்பத்தொரு வயது. வலது முழங்கால் மாடிப்படியைக் கண்டாலே முனகும். நாற்பது கணினி, ஏழு பிரிண்டர், தராசோடு கம்பி போட்டுக் கட்டிய நான்கு பெட்டிகள், எல்லாவற்றையும் அவள் ஒருத்திதான் கட்டி மேய்க்கிறாள். கட்டடம் கட்டுகிறவர்கள் நிலத்தைத் துளையிட்டுக் குழாய் குழாயாக மண் கொண்டுவந்து கொடுப்பார்கள். இங்கே அதைக் காயவைத்து, நிறுத்து, நசுக்கி, எவ்வளவு பாரம் தாங்கும் என்று எழுதிக் கொடுப்பார்கள். அதனால் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே மண். கணினிக்குள் விவசாயமே செய்யலாம்.

ஆனால் அவளுக்கு அலுப்பு வேலையால் வரவில்லை. அந்த டிரைவ் என்ற சொல்லைக் கேட்டதுமே வந்துவிட்டது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கூடத்தில் சிஸ்டம் பார்த்தது அவள் கணவர்தான். அவள் அவருக்குக் கீழே உதவியாள். வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரத்துக் கணக்கெடுப்புகளை அவர் பாட்டுக் கேசட் மாதிரி இருக்கும் டேப்பில் எழுதுவார். ஆளுக்கு டேப்பு என்றே பெயர் வந்துவிட்டது. அவர் எழுதியது ஒரே டேப்பில். ஒரு டேப் நிறைகிற வரைக்கும் அடுத்ததை டைரக்டர் வாங்கித் தரமாட்டார். அவர் கஞ்சத்தனத்துக்கு எச்சில் கையால் காக்காகூட ஓட்டமாட்டார் என்பது பழைய செய்தி. ஆகவே அந்த டேப் டிரைவுக்குள்ளேயே குடியிருந்தது. சர்வர் வருஷக்கணக்கில் அணையாமல் ஓடியது. இந்த வாரம் எழுதி எங்கே நிற்கிறதோ, அங்கிருந்து அடுத்த வாரம் தொடரும். அப்படி அறுபது வாரம்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை சர்வரின் வட்டு செத்துப்போனது. இருக்கவே இருக்கு டேப் என்று எடுத்துப் பார்த்தால், உள்ளே ஒரே ஒரு வாரம்தான் இருந்தது. பதினான்கு மாதத்து மண் கணக்கு காணவில்லை. மறுபடி தோண்டிப் பார்க்கலாம் என்றால், அந்த மண்ணின் மேல் எல்லாம் கட்டடம் எழும்பி ஆட்களும் குடிவந்தாகிவிட்டது. வெளியிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். அரை மணி நேரம் பார்த்தார். டேப்பில் எழுதக் கணினிக்குச் சொல்லும் கட்டளை வரிகளில், அதாவது ஸ்கிரிப்டில் கோளாறு, ஒவ்வொரு வாரமும் பழையதன் மேலேயே எழுதியிருக்கிறார் என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

விசாரணை நடந்தது. கணவரை அதற்குள் சர்வர் அறைப் பக்கமே விடவில்லை. கடைசி வெள்ளிக்கிழமை அவர் அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக லீவில் இருந்தார், அன்றைக்கு எழுதியது அவள். அதனால் அவளையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். "நான் எதையும் தொடல சார். அவர் எழுதி வச்ச ஸ்கிரிப்டை அப்படியே ஓட்டினேன்" என்றாள். மனசறிந்து அவள் பொய் சொல்லவில்லை. மறுநாள் அவரை அனுப்பிவிட்டு அவளை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

அவர் அதற்குப் பிறகு கணினியைத் தொடவே இல்லை. வீட்டு முன்னறையில் மின்விசிறி பழுதுபார்க்கிறார்.

ஸ்டோர்காரர் ஏணி போட்டு ஏறி அட்டைப் பெட்டியை இறக்கிக் கொடுத்தார். உள்ளே டிரைவ், அதைக் கணினியோடு இணைக்கும் கார்டு, தடிமனான கேபிள், இரண்டு டேப்.

"பார்த்து அக்கா, டேப்பு எழுதிடாதீங்க" என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயை மூடமுடியாமல் நின்றார்.

கூடத்தில் அது ஒரு சொல்வழக்கு. வேலையைச் செய்யாமலே செய்தேன் என்று எவனாவது கதை அளந்தால், 'முடிச்சிட்டியா, இல்ல டேப்பு எழுதிட்டியா' என்பார்கள். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனும் சொல்வான். அது ஒரு மனுஷனின் பெயர் என்றுகூட அவனுக்குத் தெரியாது.

"பரவாயில்லண்ணே" என்றாள் அவள். எட்டு வருஷமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சில சமயம் கூடவே சிரித்தும் வைத்திருக்கிறாள், கர்மம்.

முதல் நாள் கார்டைப் பொருத்துவதிலேயே போயிற்று. இப்போதைய சர்வரில் அதற்குத் தோதான இடம் இல்லை. மூலையில் கிடந்த ஒரு பழைய பெட்டிக்கு லினக்ஸ் போட்டு, மண்ணை ஊதித் தள்ளி, கார்டைச் சொருகினாள். திருகாணி ஒன்று கீழே விழுந்து ஏ.சி. தண்ணீர் சொட்டும் வாளிக்குள் போய்விட்டது. கையை விட்டு எடுத்தாள். இரண்டாம் நாள் டிரைவை மாட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் லினக்ஸுக்கு டிரைவ் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. கேபிளைக் கழற்றி மாட்டினாள், அணைத்துப் போட்டாள், நான்கு தடவை. கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

மத்தியானம் வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போன் போட்டாள். எட்டு வருஷமாக வீட்டில் டேப் என்ற பேச்சை எடுத்ததில்லை. எடுத்தது சண்டையில்தான். அந்தச் சண்டைகளை இப்போது நினைக்க அவளுக்கு விருப்பமில்லை.

"என்னங்க, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அந்தப் பழைய டிரைவை மாட்டச் சொல்லிட்டாங்க. லினக்ஸுக்குத் தெரிய மாட்டேங்குது."

அந்தப் பக்கம் ஒரு திருப்புளி தரையில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது.

"கார்டு தெரியுதா?"

"தெரியுது."

"அப்போ டேப்புக்கான மாட்யூல் ஏறியிருக்காது. சில பெட்டியில அது தானா ஏறாது. கையால ஏத்து."

"சரிங்க."

"அப்புறம்..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. வை."

டிரைவை லினக்ஸுக்கு அடையாளம் காட்டும் அந்தத் துண்டு மென்பொருளை, மாட்யூலை, ஏற்றினாள். ஒரு வரி. உடனே டிரைவ் தன் பெயரையும் வரிசை எண்ணையும் சொல்லிக்கொண்டு வந்து நின்றது. இரண்டு நாள் அவள் முட்டிக்கொண்டதை அவர் மின்விசிறிக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். அதில் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு தெரிந்த ஆள் அந்த ஒரு ஸ்கிரிப்டில் மட்டும் எப்படிக் கோட்டை விட்டார் என்ற பழைய எரிச்சல்.

மூன்றாம் நாள் காலை டேப்பை உள்ளே தள்ளினாள். டிரைவ் இரண்டு தடவை உறுமிவிட்டு ஆரஞ்சு விளக்கைப் போட்டது. டேப்பைப் படிக்கிற தலை அழுக்காக இருக்கிறது, துடை என்று அர்த்தம். எட்டு வருஷம் ஸ்டோரில் கிடந்தால் யார் தலைதான் அழுக்காகாது. டேப்பை வெளியே எடுத்துவிட்டு, பெட்டியில் இருந்த க்ளீனிங் டேப்பை எடுத்தாள்.

அதன் முதுகில் ஒட்டியிருந்த சீட்டில் ஐம்பது சின்னக் கட்டங்கள். ஒரு க்ளீனிங் டேப் ஐம்பது தடவைதான் உழைக்கும் என்பதால், போடும்போதெல்லாம் ஒரு கட்டத்தில் தேதி எழுத வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். பத்துக் கட்டத்தில் அவருடைய குச்சி குச்சியான எழுத்து. பதினோராவது கட்டத்தில் உருண்டையான எழுத்து. அவளுடையது.

இதை எப்போது போட்டேன் என்று யோசித்தாள். பன்னிரண்டாவது கட்டம் காலியாக இருந்தது. அதில் இன்றைய தேதியை எழுதிவிட்டு, துடைக்கும் வேலை முடியும் வரை சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு பழைய டேப்பைத் திரும்ப உள்ளே தள்ளினாள். டிரைவ் படிக்கிறதா என்று பார்க்க, அதில் இருந்த முதல் கோப்பின் பட்டியலைக் கேட்டாள். நிபுணர் சொன்ன அதே ஒற்றை வாரம் வந்து நின்றது. எழுதிய தேதியும் நேரமும் கூடவே வந்தன. மாலை ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் முன்பு.

தேதியைப் படித்தாள். க்ளீனிங் டேப்பைத் திருப்பிப் பதினோராவது கட்டத்தைப் பார்த்தாள். ஒரே நாள்.

அப்போதும் உடனே புரிந்துவிடவில்லை. முதலில் ஞாபகம்தான் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு ஆரஞ்சு விளக்கு எரிந்தது. அவரைப் போனில் கூப்பிட்டால் ஆஸ்பத்திரியில் இருப்பார், பாவம் என்று நினைத்தாள். தனக்கே தெரியுமே என்று ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. டேப்பை வெளியே எடுத்தாள், க்ளீனிங் டேப்பைப் போட்டாள், தேதி எழுதினாள், டேப்பைத் திரும்பப் போட்டாள், ஸ்கிரிப்டை ஓட்டினாள். வீட்டுக்குப் போய்விட்டாள். அடுப்பைத் துடைத்துவிட்டுச் சமைத்தேன் என்று யாராவது ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிவார்களா? அவளும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் அவளுக்கே மறந்துபோயிற்று.

டேப்பை மறுபடி வெளியே எடுத்தாள். மறுபடி உள்ளே தள்ளினாள். எங்கே நிற்கிறாய் என்று டிரைவைக் கேட்டாள். டேப்பின் ஆரம்பத்தில், கோப்பு எண் பூஜ்யத்தில் நிற்கிறேன் என்றது.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? வெளியே போய் வந்த டேப்புக்கு முன்னால் எங்கே நின்றோம் என்பது தெரியாது. அது ஆரம்பத்துக்குத்தான் வரும். அவர் துடைத்த பத்துத் தடவையும் டேப்பைக் கடைசி வாரத்தின் முடிவு வரை கையால் ஓட்டி நிறுத்திவிட்டுத்தான் எழுதியிருப்பார், அவளுக்கு அது தெரியாது. அறுபது வாரத்தின் முடிவில் நின்றதை அவள் வெளியே எடுத்து, துடைத்து, அக்கறையாகத் திரும்பப் போட்டு, முதல் வாரத்தின் தலையில் எழுதியிருக்கிறாள். எழுதி முடித்த இடத்தில் டிரைவ் 'இதோடு முடிந்தது' என்று ஒரு குறி போட்டுவிடும். அந்தக் குறியைத் தாண்டி அது போகாது. மிச்ச வாரங்கள் எல்லாம் குறிக்குப் பின்னால் அப்படியேதான் இருக்கும். ஆனால் அவற்றைப் படிக்க வழியில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே வீட்டில் எட்டு வருஷம் ஒரே பாயில் படுத்திருந்தன.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

திரும்பி வந்தபோது, திரையில் அவள் காலையில் தயாராக எழுதி வைத்திருந்த பேக்கப் கட்டளை காத்துக்கொண்டிருந்தது. இந்த டேப்பிலேயே ஆரம்பிங்க என்று டைரக்டரே சொல்லியிருக்கிறார். ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். புதிய பேக்கப் அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடும், அந்தத் தேதியும் நேரமும் போய்விடும். கட்டத்தில் இருக்கும் எழுத்துக்கு ஒரு மார்க்கர் பேனா போதும். எட்டு வருஷம் ஓடிவிட்டது. அவரும் பழகிக்கொண்டார். இப்போது போய்க் கிளறி யாருக்கு என்ன ஆகப்போகிறது? அவளுக்கு ரொம்பக் களைப்பாக இருந்தது. அந்தக் களைப்பே 'தட்டிவிடு' என்றது.

விரல் பொத்தான் மேலேயே இருந்தது. அப்போதுதான் அந்தச் சண்டைகள் ஒவ்வொன்றாக வந்தன. 'ஒரு டேப்பைக்கூட உருப்படியா எழுதத் தெரியாத ஆளு' என்று அவள் சொன்னது. ஒரு தடவையா, இரண்டு தடவையா. மகள் கல்லூரிக்குப் போக நின்றுகொண்டிருந்த வாசலில் வைத்தும் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவர் திருப்புளியை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விடுவார்.

கட்டளையை அழித்தாள். டேப்பை வெளியே எடுத்து, இனி யாரும் அதில் எழுத முடியாதபடி ஓரத்தில் இருந்த சின்னப் பூட்டைத் தள்ளிவிட்டு, டைரக்டர் அறைக்குப் போனாள்.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். க்ளீனிங் டேப்பைக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டத்தைப் பார்த்தார்.

"அப்போ டிரைவ் இப்ப நல்லா ஓடுது?" என்றார்.

"ஓடுது சார். நான் அதைச் சொல்ல வரல. அன்னிக்கு டேப்பை எடுத்தது நான். அவர் மேல தப்பில்ல. நீங்க அவரை அனுப்பினீங்க."

"அக்கா, எட்டு வருஷம் ஆச்சு. அந்த ஃபைலே இப்ப எங்க இருக்கோ. இப்ப இதைக் கிளறி என்ன செய்ய? பேக்கப் எப்ப ஆரம்பிக்கும், அதைச் சொல்லுங்க."

ஒரு மனுஷன் எட்டு வருஷம் குனிந்து நடந்தது அவருக்கு 'எங்க இருக்கோ' என்கிற ஒரு ஃபைல். அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. கோபப்படத் தெம்பில்லாமல் போனதில்தான் குரல் நிதானமாக இருந்தது.

"புது டேப் ரெண்டு வாங்கிக் கொடுத்தா நாளைக்கே ஆரம்பிக்கலாம். இந்த டேப்பு மேல நான் எழுத மாட்டேன். நடந்ததை எழுதி, கையெழுத்துப் போட்டு, நோட்டீஸ் போர்டுல ஒட்டப்போறேன். வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க, நான் கிளம்பிடறேன்."

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார். நாற்பது கணினியையும் யார் பார்ப்பது என்று கணக்குப் போட்டிருப்பார்.

"ஒட்டிக்குங்க" என்றார். "அந்தப் பழைய டேப்பை வீட்டுக்கே கொண்டு போங்க. இங்க அது குப்பைதானே."

நான்கு வரியில் எழுதி ஒட்டினாள். ஸ்டோர்காரர் நின்று படித்தார். படித்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"அண்ணே, இனிமே டேப்பு எழுதாதன்னு யாரும் சொல்ல வேணாம்" என்றாள். "சொல்லித்தான் ஆகணும்னா, அக்கா எழுதாதன்னு சொல்லுங்க."

வெயில் இறங்குவதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டாள். முன்னறையில் அவர் ஒரு மின்விசிறியின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று இறக்கைகளும் சுவரோரம் சாய்ந்திருந்தன. அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். முழங்கால் முனகியது. பையிலிருந்து டேப்பையும் க்ளீனிங் டேப்பையும் எடுத்து வைத்தாள்.

"அந்த வெள்ளிக்கிழமை ஆரஞ்சு விளக்கு எரிஞ்சுதுங்க. டேப்பை வெளிய எடுத்து க்ளீன் பண்ணிட்டுத் திரும்பப் போட்டு ஓட்டினேன். இன்னிக்குத்தான் ஞாபகம் வந்துது."

அவர் க்ளீனிங் டேப்பை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பதினோராவது கட்டத்தின் மேல் கட்டை விரலை வைத்துக்கொண்டார். அவருக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் முகத்தில் அது ஒவ்வொரு படியாக இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினேழு வரி" என்றார் கடைசியில். "அந்த ஸ்கிரிப்ட். படுத்தா தினமும் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பேன். எந்த வரியில தப்பு விட்டேன்னு. எட்டு வருஷமா கண்டுபிடிக்க முடியல."

"தப்பு இல்லீங்க."

"ஒரு வரிகூடவா?"

"ஒரு வரிகூட இல்ல."

அவர் தலையை ஆட்டினார். வெகு நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"உன்கிட்ட நான் ரெண்டு தடவை கேட்டேன்" என்றார். "டேப்பைத் தொட்டியான்னு. தொடலன்னு சொன்ன. அதோட உன்னை விட்டுட்டேன். என்னைத்தான் சந்தேகப்பட்டேன்."

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னார், அவ்வளவுதான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எட்டு வருஷமாக அவள் வார்த்தையை அவர் நம்பினார். அவர் கையை அவள் நம்பவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் சமாதானம் சொல்லவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை.

அழுகை அடங்கியபோது அவர் பழைய டேப்பைக் கையில் எடுத்திருந்தார். முதுகில், அதை முதன்முதலில் டிரைவில் போட்ட அன்று அவரே பென்சிலால் எழுதிய தேதி இன்னும் மங்கலாகத் தெரிந்தது.

"இதுமேல ஏதாவது எழுதிட்டாங்களா?"

"இல்லீங்க. பூட்டித்தான் எடுத்துட்டு வந்தேன்."

"அப்போ குறிக்குப் பின்னால எல்லாம் அப்படியே இருக்கும்."

"இருக்கும். ஆனா படிக்க முடியாதுங்க. யாராலயும் முடியாது."

"முடியாதுதான்" என்றார். டேப்பைச் சட்டை நுனியால் துடைத்து, மின்விசிறித் திருகாணிகள் இருந்த தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "இருக்குல்ல. அது போதும்."